லோக்கல்ஹோஸ்ட் பக்கம் ரீலோட் ஆக நேரம் எடுக்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

கோடில் ஒரு வரியை மாற்றிச் சேமிக்கிறீர்கள். ரீலோட் கொடுத்தால் நாலைந்து விநாடி வெள்ளைத் திரை. சர்வர் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடுவதால் இணைய வேகத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. ரேம் வாங்கவோ ஃப்ரேம்வொர்க்கை மாற்றவோ கிளம்புமுன், நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். விண்டோஸில் ஜாங்கோ (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்), வீட் (Vite, ஜாவாஸ்கிரிப்ட் கோடுக்கான டெவலப்மென்ட் சர்வர்) இரண்டையும் ஓட்டுபவரை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற கருவிகளுக்கும் தேடும் வழி இதேதான்.

படி 1: இரண்டு தடவை ரீலோட்

கோடை மாற்றிச் சேமித்து ஒரு தடவை ரீலோட் செய்யுங்கள். அப்புறம் எதையும் தொடாமல் இன்னொரு தடவை. முதலாவது மட்டும் மெதுவாக இருந்தால் பக்கத்தில் குறை இல்லை. மாற்றத்தைக் கண்டுபிடித்து சர்வர் மறுபடி எழுந்து வரத்தான் நேரம் ஆகிறது. நேராகப் படி 4க்குப் போகலாம். இரண்டுமே மெதுவு என்றால் தொடருங்கள்.

படி 2: நெட்வொர்க் டேப்

குரோமில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் டேபைத் திறந்து ரீலோட் செய்யுங்கள். பட்டியலில் முதலில் வரும் எச்டிஎம்எல் கோரிக்கையைச் சொடுக்கி, 'டைமிங்' பகுதியில் 'வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்' வரியைப் பாருங்கள். பிரவுசர் கேட்டு முடித்ததிலிருந்து பதிலின் முதல் பைட் வரும் வரை ஆன நேரம் அது. அந்த எண் பெரிதாக இருந்தால் தாமதம் சர்வர் பக்கம். படி 3ஐப் பாருங்கள்.

எச்டிஎம்எல் உடனே வந்து, கீழே நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் வரிசை கட்டி நின்றால் வீட் பக்கம் திரும்புங்கள். டெவலப்மென்டில் வீட் உங்கள் கோடை ஒன்றாகக் கட்டித் தருவதில்லை. ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதாவது கோடின் ஒவ்வொரு கோப்புக்கும், தனித்தனிக் கோரிக்கை. எச்டிடிபி 1.1இல் குரோம் ஒரு முகவரிக்கு ஒரே நேரத்தில் 6 இணைப்புகள்தான் திறக்கும், மீதி காத்திருக்கும். ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே இன்டெக்ஸ் கோப்பு வழியாக ஏற்றுமதி செய்யும் பழக்கம் இருந்தால், ஒரு பட்டன் கேட்டாலும் மொத்த ஃபோல்டரும் வந்து இறங்கும். தேவையான கோப்பை நேரடியாக இம்போர்ட் செய்யுங்கள்.

இதே டேபில் 'டிசேபிள் கேஷ்' டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போதோ போட்டு மறந்த டிக், டெவ்டூல்ஸ் (எஃப்12 தட்டினால் வரும் பலகை) திறந்திருக்கும் நேரமெல்லாம் எல்லாக் கோப்புகளையும் புதிதாக இறக்க வைக்கும். எக்ஸ்டென்ஷன்கள் மேல் சந்தேகம் என்றால் இன்காக்னிட்டோவில் திறந்து ஒப்பிடுங்கள்.

படி 3: சர்வர் ஏன் காக்க வைக்கிறது?

ஜாங்கோ டீபக் டூல்பாரை நிறுவி, டேட்டாபேஸுக்குப் போகும் க்வெரிகளைக் காட்டும் எஸ்க்யூஎல் பலகையைத் திறங்கள். 50 பதிவுகளைக் காட்டும் பக்கம், ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயருக்கும் தனியாக டேட்டாபேஸைக் கேட்டால் மொத்தம் 51 க்வெரி. டேட்டாபேஸ் உங்கள் கணினியிலேயே இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. கிளவுடில் இருந்து, ஒரு தடவை போய் வர 40 மில்லிவிநாடி ஆனால், 2 விநாடி அதிலேயே போய்விடும். தொடர்புடைய பதிவுகளையும் சேர்த்தே எடுக்கும் ஜாங்கோவின் செலக்ட்_ரிலேட்டட் சேர்த்தால் ஒரே க்வெரியில் வேலை முடியும்.

க்வெரி எல்லாம் சரி, ஆனாலும் எப்போதும் ஏறத்தாழ அதே 2 விநாடி கூடுதலா? அப்போது முகவரியைச் சந்தேகப்படுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு புதிய முகவரி முறையான ஐபிவி6இல் ::1, பழைய முறையான ஐபிவி4இல் 127.0.0.1 என்று இரண்டு முகவரிகள். சர்வர் ஐபிவி4இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, அதைக் கூப்பிடும் நிரல் ::1ஐ முதலில் முயன்றால், விண்டோஸ் அந்த மூடிய கதவைச் சில தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். பிரவுசர்கள் இதைச் சமாளித்துவிடும். டேட்டாபேஸ் இணைப்பு, வேறொரு ஏபிஐயைக் கூப்பிடும் பைதான் கோடு போன்றவைதான் மாட்டிக்கொள்ளும். அமைப்புக் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்பதை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று எழுதிப் பாருங்கள். என் கணிப்பில், அதிகம் பேர் தேடாத இடம் இதுதான்.

மேக்கில் இதற்கு ஒரு பங்காளி உண்டு: டாட் லோக்கல் என்று முடியும் பெயர் வைத்தால், சில அமைப்புகளில் 5 விநாடி வரை தாமதம் வரும். அந்த முடிவு பான்ஷூருக்கு (உள் நெட்வொர்க்கில் கருவிகளைத் தேடும் ஆப்பிள் வசதி) உரியது. டாட் டெஸ்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சோதனைக்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்ட பெயர் அது.

படி 4: சேமித்ததும் வரும் தாமதம்

ஜாங்கோவின் வழக்கமான ரீலோடர் விநாடிக்கு ஒரு தடவை கோப்புகளைப் பார்த்து, மாற்றம் இருந்தால் முழு ஆப்பையும் மறுபடி ஏற்றும். தொடக்கத்திலேயே கனமான லைப்ரரிகளை இம்போர்ட் செய்திருந்தால் ஒவ்வொரு சேமிப்புக்கும் அந்தச் செலவு. ஓரிடத்தில் மட்டும் தேவைப்படுவதை அந்த ஃபங்ஷனுக்குள் இம்போர்ட் செய்யலாம்.

டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. புராஜெக்ட் சி டிரைவில் இருந்து, அதை லினக்ஸ் பக்கத்திலிருந்து ஓட்டினால் கோப்பு வாசிப்பே மெதுவாகும். மாற்ற அறிவிப்புகளும் ஒழுங்காக வராது. ஃபோல்டரை லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் வழி இது.

நேரடியாக விண்டோஸில் ஓட்டினால் ஆன்டிவைரஸ் ஸ்கேனில் புராஜெக்ட் ஃபோல்டருக்கு விலக்கு கொடுத்துப் பார்க்கலாம். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துவிடாதீர்கள்.