ஒருவர் சமையலுக்கு ஒரு முழு வான்கோழி

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும், வான்கோழி விருந்துக்குப் பெயர்போன தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கும்போது, வாடிக்கையாளர்களை இழுப்பதற்காகவே பல கடைகள் உறைய வைத்த முழு வான்கோழியை அடக்க விலைக்கும் கீழே விற்பதுண்டு. படிப்புக்காகவோ வேலைக்காகவோ அங்கே தனியாக வாழ்பவருக்கும் அந்த விலையைப் பார்த்தால் கை நீளத்தான் செய்யும். ஆனால் 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5.4 கிலோ எடையுள்ள பறவை வீடு வந்து சேர்ந்த பிறகுதான், இதை ஒற்றை ஆளாக எப்படித் தின்று தீர்ப்பது என்ற மலைப்பு வரும். எலும்பு நீங்கலாகச் சமைத்த கறியாக அதிலிருந்து 2 கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கும். வேளைக்கு 125 கிராம் என்று வைத்தாலும் பதினாறு வேளைச் சாப்பாடு.

ஒருவருக்காகச் சமைக்கும்போது முழு வான்கோழியை முழுதாகச் சுடக் கூடாது என்பதே என் கருத்து. சமைத்த கறி குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 4 நாள் வரைதான் தாங்கும் என்பதால், சுட்ட மறுநாளிலிருந்தே அதைத் துரத்தித் துரத்தித் தின்ன வேண்டியிருக்கும். பச்சையாகத் துண்டு போட்டு உறைய வைத்தாலோ ஒன்பது மாதம் வரை சுவை கெடாது. அது மட்டுமன்று, நெஞ்சுக்கறியும் தொடைக்கறியும் ஒரே பக்குவத்தில் வேகக்கூடியவை அல்ல. கொழுப்பில்லாத நெஞ்சுக்கறி 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 74 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வறண்டு நார் நாராகிவிடும்; நடந்து நடந்து இறுகிய தொடையோ அதற்கு மேலும் பத்துப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால்தான் இளகும். ஆகவே வான்கோழியை நான்கைந்து வகைக் கறி ஒரே பையில் வந்ததாகக் கருதி, ஒவ்வொன்றையும் அதற்குரிய முறையில் சமைப்பதே நல்லது.

முதல் வேலை உறைவை நீக்குவது. 4 அல்லது 5 பவுண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில், 12 பவுண்டுப் பறவைக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாள் வேண்டும். நீர் கசியும் என்பதால் ஆழமான தட்டில் வைக்க வேண்டும். நாள் குறைவாக இருந்தால், உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை நீரை மாற்றினால், பவுண்டுக்கு அரை மணி வீதம் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் உறைவு நீக்கிய கறியை மட்டுமே பச்சையாக மீண்டும் உறைய வைக்கலாம். நீரில் நீக்கியதை உடனே சமைத்தாக வேண்டும். நமது திட்டத்துக்கு முதல் வழியே ஏற்றது.

கறி என்றாலே மஞ்சள் தூள் போட்டு நான்கு தண்ணீரில் அலசுவது நமக்குக் கைப்பழக்கம். இங்கே அதை விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் அவ்வளவு பெரிய பறவையைத் தொட்டியில் கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளைச் சமையலறை முழுவதும் பரப்பும். காகிதத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் கையை விட்டுப் பார்த்து, கழுத்து, இதயம், இரைப்பை, ஈரல் ஆகியவை அடங்கிய பொட்டலத்தை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

வெட்டுவதற்குக் கத்தியின் கூர்மைதான் தேவை, கையின் பலம் அன்று. தொடைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தோலைக் கீறி, காலை வெளிப்புறமாக வளைத்தால் மூட்டு தானாகக் கழன்று தெரியும். எலும்பை வெட்டாமல் அந்த இடைவெளியில் கத்தியைச் செலுத்த வேண்டும். தொடையையும் கீழ்க்காலையும் பிரிக்க, உட்புறத்தில் தெரியும் கொழுப்புக் கோட்டின் மேலேயே கத்தியை வைத்தால் மூட்டு சரியாக அகப்படும். இறக்கைகளும் அப்படியே. பிறகு நெஞ்செலும்பின் இரு பக்கமும் கத்தியை எலும்போடு ஒட்டினாற்போல் இறக்கினால், முக்கால் கிலோ அளவில் இரண்டு நெஞ்சுத் துண்டுகள் முழுதாக வந்துவிடும். முதல் முறை சற்றுக் கறி எலும்பிலேயே தங்கினாலும் கவலையில்லை, அது சூப்புக்குப் போய்ச் சேரும்.

பண்டிகை நாளுக்கு ஒரு நெஞ்சுத் துண்டு தாராளம். தோலுக்கு அடியில் வெண்ணெயும் மிளகுத்தூளும் தடவி, 325 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் ஓவனில் வைத்து, நடுப்பகுதி 165 டிகிரி காட்டும்வரை சுட வேண்டும். கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புவது நல்லது. உப்பிடுமுன் உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட வேண்டும், ஏனெனில் உறைய வைத்த வான்கோழிகள் பலவற்றில் உப்புக் கரைசல் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட்டு, மறுநாள் நறுக்கித் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகு வறுவலாக்கலாம். ஏற்கனவே வெந்த கறி என்பதால், வெங்காயமும் மசாலாவும் வதங்கிய பிறகு கடைசி இரண்டு நிமிடம் மட்டும் புரட்டினால் போதும். பிரியாணியில் இந்தக் கறியைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன், தம்மில் கிடந்து பஞ்சாகிவிடும். இரண்டாவது நெஞ்சுத் துண்டைப் பச்சையாகவே கொத்துக்கறியாக அரைத்து, வேளைக்கு ஒரு பொட்டலமாக உறைய வைக்கலாம். பொட்டுக்கடலை மாவும் சோம்பும் தேங்காயும் சேர்த்துக் கோலா உருண்டையாகப் பொரித்தால், வறட்சி என்ற குறையே தெரியாது.

தொடைக்கறிதான் இப்பறவையின் சிறந்த பகுதி. நெஞ்சை மெச்சுபவர்கள் இதைக் குழம்பாக வைத்து உண்டிருக்கமாட்டார்கள். ஆட்டுக்கறிக்கு அரைப்பதுபோல் மிளகு, மல்லி, சோம்பு, தேங்காய் அரைத்து, எலும்போடு குக்கரில் அரை மணி நேரம் வேக வைத்தால் கறி எலும்பை விட்டுக் கழலும். கீழ்க்காலில் ஈர்க்குச்சி போன்ற கெட்டி நரம்புகள் பல ஓடுவதால், முதலில் நன்றாக வேக வைத்து, ஆறியதும் அவற்றை ஒவ்வொன்றாக உருவி எறிந்துவிட்டுக் கறியை உதிர்க்க வேண்டும். அது கொத்துப் பரோட்டாவுக்கு மிகவும் பொருந்தும். இதயமும் இரைப்பையும் பூண்டு சேர்த்து வறுக்க நல்லவை. ஈரலை மட்டும் தனியே, கடைசியில் வதக்கி, நடுப்பகுதியும் வெந்ததும் இறக்கிவிட வேண்டும்.

கூட்டெலும்பை இரண்டாக முறித்து, இறக்கை, கழுத்துடன் பெரிய பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு நீர், ஒரு வெங்காயம், இஞ்சி, மிளகு சேர்த்து மெல்லிய தீயில் மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால், ஆறியதும் பாகுபோல் இறுகும் சாறு கிடைக்கும். சுடச்சுட அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், அதற்குள் கெட்டுப்போகலாம். ஆகவே அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஆற்ற வேண்டும். பனிக்கட்டித் தட்டுகளில் ஊற்றி உறைய வைத்தால், ரசத்துக்கு நான்கு கட்டி, குழம்புக்கு ஆறு கட்டி என்று தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். சமைத்த சாறும் கறியும் உறைநிலையில் நான்கு மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பதால், பொட்டலத்தின் மேல் தேதியையும் உள்ளே இருப்பது எந்தப் பாகம் என்பதையும் எழுதிவிட வேண்டும். உறைந்த பிறகு தொடையும் நெஞ்சும் ஒன்றுபோலவே தெரியும்.