நீராவி ரயில் படம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் என் அக்கா மகன் ஒரு ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "மாமா, முந்நூறு வீடியோ படம். எல்லாம் நம்ம ஊர் ஸ்டீம் வண்டி" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். முதல் பன்னிரண்டு படத்தில் உண்மையிலேயே தென்னாப்பிரிக்கா நான்குதான். ஒரே படம் மூன்று பெயரில் வந்தது. மீதி ஐந்தும் இந்தியாவும் இங்கிலாந்தும். திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன் டர்பனில் இதே சாட்ஸ்வர்த் வீட்டில் நான் சேர்த்த குப்பை இதைவிடப் பெரியது.

இன்டர்நெட் வேகம், திருட்டு சைட், வைரஸ் பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அதெல்லாம் இந்தப் பையனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தேதியை நம்புவது

டர்பனில் பாயிண்ட் என்கிற துறைமுகப் பக்கத்திலிருந்து ஊருக்குள் முதல் வண்டி ஓடியது 1860 ஜூன் 26. அதே வருஷம் நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து நம்மவர்களை முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "முதல் ரயிலின் அசல் படம்" என்று ஒரு வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸப்பில் சுற்றியது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியதே 1895 டிசம்பரில். 1860-இல் கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவர் யார்?

"1960-களில் டிவியில் வந்தது" என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரியில். அதற்கு முந்தியது என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: 1913-இலிருந்து தியேட்டர்களில் ஓடிய ஆப்பிரிக்கன் மிரர் போன்ற செய்திப்படம், ரயில்வே தன் விளம்பரத்துக்கு எடுத்தது, அல்லது யாரோ ஒரு ரயில் பைத்தியம் 8 எம்எம், 16 எம்எம்மில் எடுத்தது. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். செய்திப்படம் என்றால் பிரிட்டிஷ் பாத்தே என்கிற செய்திப்படக் கம்பெனி 2014-இல் யூடியூபில் ஏற்றிய 85,000 துண்டுகளில் தொடங்கலாம், காசு கிடையாது. உள்ளூர்ப் படம் என்றால் பிரிட்டோரியாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. மூன்றாவது வகைதான் பாடு. அது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ!

இங்கிலீஷில் மட்டும் தேடுவது

1910-இல் டர்பன் இருக்கும் நேட்டால், கேப் ரயில்வேக்களையெல்லாம் சேர்த்து உண்டான ரயில்வேக்குப் பெயர் இரண்டு மொழியிலும் இருந்தது. எஞ்சின் பலகையிலேயே இங்கிலீஷில் எஸ்ஏஆர், ஆப்பிரிக்கான்ஸில் எஸ்ஏஎஸ் இரண்டும் பார்க்கலாம். ஆப்பிரிக்கான்ஸில் நீராவிக்கு "ஸ்டூம்": எஸ், டி, இரண்டு ஓ, எம். இந்த ஒரு சொல்லைப் போட்டுத் தேடினபிறகுதான் எனக்கு இன்னொரு கதவு திறந்தது. அதோடு எஞ்சின் வகுப்பையும் ஷெட் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்: வகுப்புக்கு 25என்சி, ஜிஎம்ஏஎம்; ஷெட்டுக்கு டி ஆர் (De Aar), மேசன்ஸ் மில். வெறுமனே "பழைய ரயில்" என்று தேடினால் மழைச் சத்தத்தோடு தூங்கவைக்கும் வீடியோதான் வரும்.

"புதுப்பித்தது" என்றதும் பழையதைத் தூக்கிப்போடுவது

இதை எழுதும்போது இன்னும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளும்.

என்னிடம் ஒரு வீடியோ கேசட் இருந்தது. டர்பன் கிரேவில் எஞ்சின் ஷெட்டில் யாரோ 16 எம்எம் கேமராவில் எடுத்ததைப் பிறகு யாரோ கேசட்டில் ஏற்றியிருந்தார்கள். படம் மங்கல், மேலே ஒரு கோடு நடுங்கிக்கொண்டே ஓடும். ஏழாவது நிமிஷத்தில் ஒரு எஞ்சின் சாம்பல் குழிமேல் வந்து நிற்கும். குழிக்குள் ஒருவர், கையில் நீளக் கம்பி. தரைக்கு மேலே அவர் தலையும் தோளும்தான் தெரியும், அதுவும் படத்தின் கீழ் இடது மூலையில். தலையில் வெள்ளைத் துண்டு. சாம்பலை இழுத்துவிட்டு, முழங்கையை மடக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவை ஒரு தரம் பார்ப்பார். ஆறு வினாடி இருக்கும்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் அப்பா அதே ஷெட்டில் சாம்பல் வாரியவர். வரும்போதெல்லாம், "தம்பி, அந்தக் குழி ஆளைப் போடு" என்பார். "அது எங்கப்பான்னு நான் சொல்லல. ஆனா அவரும் இப்பிடித்தான் முழங்கையால தொடைப்பாரு." டிவிக்குக் கிட்டே போய் அந்த மூலையில் விரலை வைப்பார். கண்ணாடியில் அவர் விரல் ரேகை எப்போதும் இருக்கும்.

நேட்டால் ரயில்வேயில் தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் நம் ஒப்பந்தக் கூலிகளின் கை நிறைய உண்டு. 1924-க்குப் பிறகு ரயில்வே வேலையை ஏழை வெள்ளையருக்கு என்று ஒதுக்கத் தொடங்கினார்கள். நம்மவர்களும் கறுப்பினத் தொழிலாளர்களும் கொத்துக்கொத்தாக வெளியே போனார்கள். மிச்சமிருந்தவர்களைக் கேமரா தேடிப்போகவில்லை. அவர்கள் படத்தில் இருந்தால் ஓரத்திலோ அடியிலோதான் இருப்பார்கள்.

இப்படி இருக்கும்போது அதே படம் டிவிடியில் வந்தது. "முழுக்கப் புதுப்பித்தது, அகலத்திரை" என்று அட்டையில். 650 ராண்ட். போட்டுப் பார்த்தேன், கோடு இல்லை, நடுக்கம் இல்லை, பாய்லரின் ஆணி ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஆகா என்று எழுந்துவிட்டேன். அந்த வாரமே பழைய பிளேயரையும் ஒரு பெட்டி கேசட்டையும் பழைய சாமான் வண்டிக்காரனிடம் கொடுத்தாயிற்று. இதையும் சேர்த்து.

தாத்தா வந்தார். ஏழாவது நிமிஷம். எஞ்சின் வந்து நின்றது. கீழ் விளிம்பில் ஒரு வெள்ளைத் துணி நுனி தெரிந்து மறைந்தது. எஞ்சின் நகர்ந்துவிட்டது. "அவரு எங்க தம்பி?" என்றார். ரிமோட்டில் திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டினேன், ஏதோ ஓட்டினால் அவர் மேலே ஏறி வந்துவிடுவார்போல.

கணக்கு இதுதான். பழைய படம் 4-க்கு 3. இப்போதைய டிவி 16-க்கு 9. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இல்லாமல் நிரப்ப வேண்டுமென்றால் மேலேயும் கீழேயுமாகப் படத்தில் கால்வாசியை வெட்டியாக வேண்டும். விற்றவருக்கு போன் போட்டேன். பட்டை இருந்தால் வாங்குகிறவர்கள் குறை சொல்கிறார்கள் என்றார். வெட்டாத பிரதி உண்டா என்று கேட்டேன். இல்லை.

ஆகவே வாங்குமுன் ஒரு நிமிஷத் துண்டாவது பாருங்கள். புகைபோக்கியின் தலையும் தண்டவாளமும் ஒரே சேரத் தெரிகிறதா? வெட்டாமல் இழுத்து நிரப்பியிருந்தால் அதற்கும் சோதனை உண்டு: பக்கவாட்டாக நிற்கும் எஞ்சினில் படத்தை நிறுத்தி, சக்கரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். உயரமும் அகலமும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தப் படம் வேண்டாம். உங்கள் டிவியே "ஜூம்" போட்டு வைத்திருக்கலாம், அதையும் பாருங்கள். அக்கா மகன் டிவியில் அப்படித்தான் இருந்தது. புதுப் பிரதியைப் பழையதோடு முதலிலிருந்து கடைசிவரை ஒத்துப்பார்க்காமல் பழையதைக் கையைவிட்டுப் போகவிடாதீர்கள். எவ்வளவு மங்கலாக இருந்தாலும்.

சத்தத்தை நம்புவது

பழைய அமெச்சூர் படங்களில் பெரும்பாலும் சத்தமே கிடையாது. கேட்பது பின்னால் ஒட்டியது. எங்கிருந்தோ எடுத்த சத்தத்தை எதிலோ ஒட்டிவிடுவார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு 'குப்' கேட்க வேண்டும். வண்டி கிளம்பும்போது எண்ணினால் பிடித்துவிடலாம். காரட் (Garratt) என்கிற வகையில் ஒரே பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனி எஞ்சின். அதனால் இரண்டு தவில்கள் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து மறுபடி விலகுவதுபோல் கேட்கும். அது கேட்காவிட்டால் ஒட்டுவேலை.

இந்த ஒட்டுவேலையில் மகா மோசம் 25-ஆம் வகுப்பு கண்டன்சர்தான். 1953-லிருந்து 55-க்குள் வந்த 90 எஞ்சின்கள். கரூ வறண்ட பூமி, தண்ணீர் கிடையாது என்பதால் புகைபோக்கி வழியாகப் போகவேண்டிய நீராவியைப் பின்னால் டெண்டர் என்கிற கரி, தண்ணீர்ப் பெட்டிக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கினார்கள். தீயை இழுக்க முன்னால் ஒரு விசிறி. ஆக அந்த எஞ்சின் 'குப் குப்' என்று போகாது, ஜெட் மாதிரி 'ஙீ' என்று இரையும். அதன்மேல் 'குப் குப்' ஒட்டி விற்ற டிவிடி என்னிடம் இரண்டு இருக்கிறது.

வேகம்

ஆட்கள் எறும்புபோல் ஓடுகிறார்களா? சூப்பர் 8 என்கிற 8 எம்எம் வீட்டுப் படம் வினாடிக்கு 18 பிரேமில் எடுப்பது, 24-இல் ஓட்டிவிட்டார்கள். பிளேயரில் 0.75 வேகம் வையுங்கள், சரியாகிவிடும். எஞ்சினைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பிளாட்பாரத்தில் நடக்கும் பெண்ணைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் நிறம் பூசியது

வேண்டாம்.

ஊரிலிருந்து டிவிடி வரவழைப்பது

டிவிடியை உலக மண்டலவாரியாகப் பூட்டுவார்கள்: இந்தியா 5-ஆம் மண்டலம், நாம் 2. அப்படிப் பூட்டியது இங்கே சாதாரண பிளேயரில் ஓடாது.

போட்டோக்காரர்களுக்காக ஓட்டிய வண்டி

1990-களில் இப்படி நிறைய. காலிப் பெட்டிகள், பளபளவென்று துடைத்த எஞ்சின், வேண்டுமென்றே கக்கவைத்த கரும்புகை. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. வேலைநாள் வண்டி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஜன்னலில் ஒரு தலைகூட இல்லையென்றால் இந்த வகைதான்.

கடைசியாக, அந்தக் கேசட். டர்பன் பக்கம் பழைய சாமான் கடைகளில் ஆறு வருஷமாகத் தேடுகிறேன். உறை இருக்காது. முதுகில் பச்சை மையில் 3 என்று எழுதி வட்டம் போட்டிருப்பேன், வட்டம் கொஞ்சம் அழிந்திருக்கும். யார் கண்ணிலாவது பட்டால், ஓடுகிறதா என்று பார்க்கிறேன் என்று எந்தப் பிளேயரிலும் போட்டுவிடாதீர்கள், நாடா சிக்கிக்கொள்ளும். அப்படியே எடுத்து வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். தாத்தாவுக்கு இப்போது பார்வை ஒரு கண்ணில்தான்.