புதிய நவீன நடனம் உருவாகும்போது ஆடுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் வேலூர் சத்துவாச்சாரியில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில், புதிய படைப்பொன்றின் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிய நால்வரும் பரதம் பயின்று நவீன நடனத்துக்கு வந்தவர்கள். 15 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைக் கண்டபோது இதை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. நேரத்துக்கு வருவது, உடலைத் தயார்ப்படுத்திக்கொள்வது போன்றவற்றை எல்லோரும் சொல்லியிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

சொல்லிக்கொடுக்கட்டும் என்று காத்திருப்பது

பரத வகுப்பில் அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவு, ஆசிரியரிடமிருந்து வருகிறது. நவீன நடன ஒத்திகையில் பெரும்பாலும் கேள்விதான் வருகிறது. ஜெர்மனியின் நடன அமைப்பாளர் பீனா பவுஷ், 1970-களின் இறுதியிலிருந்து, தம் குழுவினரிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் ஆடியும் பேசியும் தந்த விடைகளிலிருந்து பொறுக்கியெடுத்தே படைப்புகளைக் கோத்தார். "எப்படிச் செய்யணும்னு நீங்களே காட்டுங்கக்கா" என்று நிற்பவரிடம் பொறுக்குவதற்கு எதுவும் இருக்காது.

கேள்விக்கு அடவால் பதில் சொல்வது

கைக்குப் பழகியது முதலில் வரும். அதை ஆடி முடித்துவிட்டு அடுத்த விடையைத் தேடுங்கள்.

காணொளியை நம்பி எதையும் எழுதாமல் விடுவது

இந்தத் தவறு இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது, ஏனெனில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நன்றாக ஆடுபவர்களே. வறண்ட பாலாற்றைப் பற்றிய ஒரு படைப்பில் நடன அமைப்பாளர் என்னிடம், "கால் வைக்கிற இடம் உன் எடையைத் தாங்காதுன்னா எப்படி நடப்பே?" என்று கேட்டார். மறுநாள் விடியற்காலையில் ஆற்றுக்குள் இறங்கி மணலில் நடந்து பார்த்தேன். பாதம் பதிந்த பிறகும் எடை பின்காலிலேயே தங்கி, மணல் அமிழ்ந்து அடங்கிய பின்னரே மெல்ல முன்னால் வந்தது. அன்று மாலை ஒத்திகையில் அதிலிருந்து 3 நிமிட அசைவுத் தொடர் ஒன்று பிறந்தது. அமைப்பாளர் அதையே படைப்பின் தொடக்கமாக வைத்துக்கொண்டார். ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்தார். நான் ஒரு வரியும் எழுதவில்லை.

மற்றப் பகுதிகளில் 6 வாரங்கள் கழிந்த பின், அந்தக் காணொளியைப் பார்த்து ஆடத் தொடங்கினேன். முழங்கால் எங்கே மடிந்தது, தலை எப்போது திரும்பியது என்பவை தெரிந்தன. எடை எந்தக் காலில் இருந்தது, மூச்சு எங்கே நின்றது, எதை அஞ்சி அடுத்த அடியைத் தாமதித்தேன் என்பவை தெரியவில்லை. போதாக்குறைக்கு, தற்படக் கேமராவில் எடுத்திருந்ததால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் பதிவாகியிருந்தன. 12 நாட்கள் வடிவத்தை மட்டும் நகலெடுத்து, வழுக்கப்போகிறவளைப் போல நடித்துக்கொண்டிருந்தேன். முதல் மேடையேற்றத்துக்கு 5 நாட்கள் இருக்கும்போது அந்தப் பகுதி நீக்கப்பட்டது. அதற்கென இசையமைத்தவரின் உழைப்பும் அதோடு போயிற்று.

ஆற்காடு, ஆரணிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து ஆடுபவர்கள் ஓர் அசைவை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள் என்றால், அது பாட்டோடும் மிருதங்கத்தோடும் வேடத்தின் உணர்ச்சியோடும் கட்டுண்டு கிடப்பதால்தான். நேற்று மண்டபத்தில் பிறந்த நம் அசைவுக்கு அத்தகைய பிடிமானம் இல்லை. அதை நாமே எழுதி உண்டாக்க வேண்டும். ஒத்திகை முடிந்த 10 நிமிடங்களுக்குள், கேட்கப்பட்ட கேள்வியை அதே சொற்களில் எழுதுங்கள். பிறகு வினைச்சொற்களால் எழுதுங்கள்: 'இடப்பாதம் வைக்கிறேன், எடை தரவில்லை, மூச்சு நிற்கிறது, மணல் அடங்குகிறது, எடை தருகிறேன்.' அன்றே அதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் தடுமாறும் இடங்களில்தான் நீங்கள் எழுதாமல் விட்டவை இருக்கும். காணொளியும் வேண்டும், ஆனால் வரிசையையும் கால அளவையும் சரிபார்ப்பதற்கு மட்டும்.

சத்துவாச்சாரியிலும் ஒரு பெண் அருமையான தொடரொன்றை ஆடி முடித்தாள். எழுதிக்கொண்டாயா என்று கேட்டதற்கு, "ஃபோன்ல இருக்குதுக்கா" என்றாள். பையிலிருந்து என் நோட்டை எடுத்துக் கொடுத்து, அங்கேயே உட்கார வைத்து எழுதச் சொன்னேன்.

வெட்டப்பட்ட பகுதிக்காக முகம் திருப்புவது

எதை வைப்பது, எதை நீக்குவது என்ற முடிவு நடன அமைப்பாளருடையது. காரணம் கேளுங்கள், வாதாடாதீர்கள்.

யார் ஆக்கியது என்பதைக் கடைசி வாரம்வரை பேசாதிருப்பது

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகைக்குள் சேர்க்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. தேதியிட்ட நோட்டு இங்கும் உதவும். ஊதியத்தோடு சேர்த்து, 'அசைவுகளை ஆடுநர்களோடு இணைந்து உருவாக்கியது' என்ற வரி அழைப்பிதழில் இடம்பெறுமா என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போன பிறகு அந்த வரியைச் சேர்க்க இடம் இருக்காது.