சென்னையில் பழைய அடுக்குமாடி வீட்டைத் தரகரின்றி விற்கும் முறை: வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்குங்கள்

மடிப்பாக்கத்தில் 2009இல் வாங்கிப் பதினைந்து ஆண்டுகள் குடியிருந்த இரண்டு படுக்கையறை வீட்டை 2025 தை மாதத்தில் விற்று முடித்தேன். விளம்பரம் கொடுத்தது 2024 ஆவணியில். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஒரே ஒரு தாளைக் கவனிக்காமல் விட்டதால் வீணாயின. கையில் வந்த முதல் வாடிக்கையாளரும் அதனாலேயே போய்விட்டார். அந்தத் தவறை நீங்கள் செய்யாமலிருக்க, விற்பனையின் ஒவ்வொரு படியையும் நான் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), யூ.டி.எஸ். (வீட்டுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு) போன்றவற்றை விரிவாக விளக்கப் போவதில்லை. ஒரு முறை வீடு வாங்கியவருக்கு அவை தெரிந்திருக்கும்.

முதல் படி: உங்கள் வீட்டுக்கு நீங்களே வில்லங்கம் பாருங்கள்

சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை வீடு வாங்குபவர்தான் எடுத்துப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விற்பவர்தான் முதலில் பார்க்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் கட்டணமின்றியே பார்க்கலாம். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இன்று வரை உள்ள பதிவுகளை வரி வரியாகப் படியுங்கள்.

என் வீட்டுக் கடன் 2019இலேயே முடிந்துவிட்டது. அசல் பத்திரங்களும், கடன் பாக்கியில்லை என்ற கடிதமும் என் பீரோவில் இருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நம்பினேன். ஆனால் கடன் வாங்கியபோது, உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான குறிப்பாணை ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. பேச்சுவழக்கில் எம்.ஓ.டி. என்று சொல்லப்படுவது இதுதான். கடன் அடைந்ததும் அந்தப் பதிவு தானாக நீங்கிவிடாது. வங்கி அதிகாரி ஒருவர் அதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, தொகை முழுவதும் வந்து சேர்ந்தது என்று ரசீது ஆவணம் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். என் விஷயத்தில் அதை யாரும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை.

விலை பேசி முடித்து, வாடிக்கையாளரின் வங்கி வழக்கறிஞர் கோப்பைப் பார்த்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. வில்லங்கச் சான்றில் அடமானம் நிற்கும்வரை கடன் கிடையாது என்று அவர் எழுதிவிட்டார். நான் கடன் வாங்கிய கிளையோ வேறு கிளையோடு இணைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த மேலாளர், பழைய கணக்கின் தாள்கள் வட்டார அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்றார். தாள்கள் வந்ததும், கையெழுத்திடும் அதிகாரிக்கு அதிகாரக் கடிதம் வேண்டும் என்றார். கடைசியில் ஒரு கார்த்திகை மாதத் திங்கட்கிழமை அவர் நேரில் வந்து கையெழுத்திட்டபோது, காத்திருந்த வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவில் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து மூன்று வாரமாகியிருந்தது.

ரசீது பதிவான பிறகு மீண்டும் வில்லங்கம் எடுத்துப் பார்த்தபோது பழைய அடமான வரி அப்படியே இருந்தது கண்டு ஒரு நிமிடம் திகைத்தேன். அது அழியாது, அதை முடித்துவைக்கும் புதிய வரி ஒன்று கீழே சேரும், அவ்வளவுதான். இரண்டு வரிகளும் இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள்.

அண்மையில் கடன் முடித்தவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. முழுத் தொகையும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தருவதோடு, பதிவான அடமானத்தையும் நீக்கித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. என்னைப் போல் அதற்கு முன்பே கடன் முடித்தவர்கள் கிளை கிளையாக நடக்க வேண்டியதுதான்.

இரண்டாம் படி: கோப்பு தயாரித்தல்

கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், முப்பதாண்டு வில்லங்கச் சான்று, பட்டா நகல், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, குடியிருப்போர் சங்கத்திடம் பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எஃப். கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பாதீர்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒழுங்காக ஸ்கேன் செய்தால் வழக்கறிஞர் மறுபடி கேட்கமாட்டார். வீட்டைப் பார்த்துப் பிடித்தவருக்கு மட்டும், ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கிலும் அவர் பெயரும் தேதியும் தெரியும்படி எழுதி அனுப்புங்கள். ஆதார் எண்ணை மறைத்துவிடுங்கள்.

என் அனுபவத்தில் இந்தக் கோப்பே மிகச் சிறந்த விளம்பரம். இரண்டாவதாக வந்து வாங்கியவர் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளைப் பார்த்திருந்தார். அவற்றில் இரண்டு என்னுடையதைவிட விலை குறைவு. கேட்ட அன்று மாலையே முழுக் கோப்பும் போய்ச் சேர்ந்தது என் வீட்டிலிருந்து மட்டும்தான் என்று பிறகு சொன்னார்.

மூன்றாம் படி: விலை

இணையத்தில் காணும் விலை, விற்பவர் கேட்கும் விலையே தவிர விற்ற விலை அன்று. உங்கள் தெருவில் கடந்த ஓராண்டில் கைமாறிய வீடுகளைச் சங்கச் செயலாளரிடமும் காவலாளியிடமும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. நான் 68 லட்சம் கேட்டு 63 லட்சத்துக்கு விற்றேன். தொடக்கத்திலேயே 65 என்று போட்டிருந்தால் அதே விலைக்கு விரைவில் முடிந்திருக்கும் என்பது இப்போதைய எண்ணம்.

உங்களுடைய உண்மையான போட்டியாளர் அடுத்த தெருவில் புதிதாகக் கட்டும் பில்டர். மின்தூக்கியும் உடற்பயிற்சிக்கூடமும் அவரிடம் உண்டு. நம்மிடம் இருப்பவை வேறு. இந்த விலையளவில், கட்டி முடித்து நிறைவுச் சான்று பெறாத வீட்டுக்கு 5% ஜி.எஸ்.டி. உண்டு, மறுவிற்பனை வீட்டுக்கு அது கிடையாது. மறுபுறம், பில்டர் முதல் விற்பனையாக விற்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது: 50 லட்சம் வரை 4%, அதற்கு மேல் 3 கோடி வரை 5%. மறுவிற்பனைக்கு 7%. பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் 2%. ஆக, 65 லட்சத்துக்குப் பதிவாகும் வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்குபவர் வரியும் பதிவுமாக 7,80,000 ரூபாய் கட்டுகிறார். பழைய வீட்டை வாங்குபவர் 5,85,000 கட்டுகிறார். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வீடு பார்க்க வருபவர் கையில் கொடுத்தேன். கூடவே நிலப் பங்கையும் எழுதினேன். 940 சதுர அடி வீட்டுக்கு 480 சதுர அடி நிலம் என்பது எட்டு வீடுகள் மட்டுமே உள்ள எங்கள் கட்டடத்தில் இயல்பு. உயரமான புதிய குடியிருப்புகளில் அந்த விகிதம் கிடைப்பது அரிது.

நான்காம் படி: படமும் விளம்பர வாசகமும்

காலை பத்து மணியளவில், எல்லாச் சன்னல்களையும் திறந்து, கைப்பேசியை அகலவாக்கில் பிடித்து எடுங்கள். அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்தாதீர்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. பத்துக்குப் பத்து அறை அதில் கல்யாண மண்டபம்போல் தெரியும். நேரில் வருபவர் வாசலிலேயே முகம் சுருங்குவார். தெருமுனையிலிருந்து வீட்டுக்குள் வரை நடந்தபடி எடுத்த இரண்டு நிமிடக் காணொளி, பத்துப் படங்களைவிட எனக்குப் பயன்பட்டது. சாலையின் அகலமும் கார் திரும்பும் இடமும் அதில்தான் தெரிகின்றன.

வாசகத்தில் எல்லோரும் எழுதும் “அமைதியான சூழல்” வேண்டாம். மடிப்பாக்கத்தில் வீடு தேடுபவர் கேட்கும் முதல் கேள்வி, 2015 டிசம்பரிலும் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதுதான். எங்கள் கார் நிறுத்துமிடத்தில் முழங்காலளவு நின்றது, முதல் மாடியிலுள்ள வீட்டுக்கு வரவில்லை என்று விளம்பரத்திலேயே எழுதினேன். நண்பர்கள் தடுத்தார்கள். ஆனால் எப்படியும் வரப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொன்னதால், பேரத்தில் யாரும் அதை ஆயுதமாக்க முடியவில்லை. ஆழ்துளைக் கிணற்றின் நிலை, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவதுண்டா, வாசல் எந்தத் திசை, மூடிய கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா, இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம் - சோழிங்கநல்லூர் வழித்தடம் எவ்வளவு தூரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். கார்பெட் ஏரியாவையும் (சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு) சூப்பர் பில்டப் அளவையும் (சுவர்களும் பொது இடப் பங்கும் சேர்ந்தது) தனித்தனியே குறிப்பிடுங்கள்.

தளங்களைப் பொறுத்தவரை 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் மூன்றிலும் இலவசமாகப் போட்டுவிட்டு, அழைப்பு அதிகம் வரும் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஆனால் என்னிடம் வாங்கியவர் வந்த வழி இவை எதுவுமல்ல. எங்கள் கட்டடத்தின் வாயிலில் தொங்கவிட்ட பலகை. மகள் வீட்டுக்கு அருகிலேயே வீடு தேடியவர் அதைப் படித்துவிட்டு அழைத்தார்.

ஆடியில் விளம்பரம் தொடங்காதீர்கள். பார்க்க வருவார்கள், முன்பணம் தரமாட்டார்கள். அந்த மாதத்தைச் சுண்ணாம்படிக்கவும் வங்கிக்கு நடக்கவும் வைத்துக்கொண்டு ஆவணியில் தொடங்குவது நல்லது. மார்கழியில் ஒப்பந்தமே நகராது. தையில் பதிவு அலுவலகத்தில் டோக்கன் கிடைப்பது கடினம்.

ஐந்தாம் படி: அழைப்புகளும் முன்பணமும்

எந்தத் தளத்தில் போட்டாலும் முதல் வாரத்து அழைப்புகளில் பெரும்பாலானவை, “பார்ட்டி ரெடியா இருக்கு சார்” என்னும் தரகர்களிடமிருந்தே வரும். நான் எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: வங்கிக் கடனா, சொந்தப் பணமா? உண்மையில் வாங்குபவர் உடனே பதில் சொல்வார். தரகர்மீது எனக்குப் பகையில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு விற்பவருக்கு அவர் தேவை. தொகையை முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம். அப்படிப் பதிவானது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வாங்குபவர் பின்வாங்கினால், அவரும் வந்து கையெழுத்திட்டு ரத்து செய்தால்தான் அடுத்தவருக்குச் சிக்கலின்றி விற்க முடியும். எனவே அவருடைய வங்கி வழக்கறிஞரின் கருத்துரை சாதகமாக வந்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள். அதுவரை சிறிய தொகையைக் காசோலையாகப் பெற்று, கடன் மறுக்கப்பட்டால் திருப்பித் தரப்படும் என்று எழுதிக் கொடுங்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி, வாங்கிய தொகை முழுவதற்கும் சமமான அபராதம் விழக்கூடும்.

ஆறாம் படி: வரி

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் முழுத் தொகையிலும் 1% பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். எனக்கு 63,000 ரூபாய் பிடித்தார்கள். உங்கள் பான் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் இதே பிடித்தம் 20% ஆகிவிடும். என் கணக்கில் அது 12,60,000 ரூபாய். விளம்பரத்துக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

விற்ற லாபத்தின்மீது விழும் மூலதன ஆதாய வரியைக் கேட்டுப் பயந்துகொண்டிருந்தேன். பதிவுச் செலவு உட்பட நான் வாங்கிய விலை 28 லட்சம். 2024 ஜூலை 23க்குப் பிந்தைய முறையில் ஆதாயம் 35 லட்சம், அதற்கு 12.5% வரி 4,37,500 ரூபாயும் செஸ்ஸும். ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் உள்நாட்டுத் தனிநபர், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக்கொண்டு மீதி ஆதாயத்துக்கு 20% என்னும் பழைய முறையில் வரி குறைந்தால் அதையே கட்டலாம். 2009-10இன் குறியீடு 148, 2024-25இன் குறியீடு 363. எனவே என் 28 லட்சம் சுமார் 68.67 லட்சமாகிறது. விற்ற விலை அதைவிடக் குறைவு என்பதால் வரி எதுவும் வரவில்லை. 63 லட்சத்துக்கு விற்றது, பணத்தின் மதிப்பில் பார்த்தால் நட்டம் என்பதையும் அதே கணக்கு காட்டிக்கொடுத்தது. அதைத் துணைவியாரிடம் சொல்லவில்லை.

ஏழாம் படி: பதிவு நாள்

அசல் பத்திரங்கள், அடையாள அட்டைகள், இரண்டு சாட்சிகள் வேண்டும். வங்கி வரைவோலையில் உங்கள் பெயரின் முன்னெழுத்து வரை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ராகுகாலத்துக்கு முன் டோக்கன் எடுத்தாலும் உங்கள் முறை ராகுகாலத்தில்தான் வரும்.

பிற்சேர்க்கை 1: கடன் இன்னும் நிலுவையில் உள்ள வீட்டை விற்க முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முடியும். உங்கள் வங்கியிடமிருந்து பாக்கித் தொகைக் கடிதமும், அவர்களிடமுள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்குங்கள். வாங்குபவரின் வங்கி பாக்கியை நேரடியாக உங்கள் கடன் கணக்கில் கட்டி, மீதியை உங்களுக்குத் தரும். ரசீது ஆவணத்துக்கு வங்கி அதிகாரி எந்த நாளில் வருவார் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் குறைவுதானே, பிடித்தம் எதற்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். 2024 அக்டோபர் 1 முதல் எல்லோருடைய பங்கையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வாங்குபவர் இருவரானால் இருவரும் தனித்தனியே படிவம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு நாளன்று இரண்டு செலுத்துச் சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.