300 எம்பிபிஎஸ் (Mbps, நெட் வேகத்தின் அளவு) நெட் பிளான் போட்டும் வேகம் 94-ஐத் தாண்டவில்லையா?

வீட்டு ஃபைபர் பிளான்களின் வேகம் சில ஆண்டுகளில் பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ரூட்டரும் கேபிளும் பழசுதான். கம்பெனிக்குப் புகார் செய்யும் முன் இதைப் பாருங்கள்.

லேப்டாப்பை ரூட்டரில் லேன் கேபிளால் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். திரும்பத் திரும்ப 93, 94, 95 என்றே நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு தெரியும். 1000/1000 இருக்க வேண்டும்.

100/100 என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் நெட் பெரும்பாலும் நிற்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. கேட் 5இ (Cat 5e) அல்லது கேட் 6 (Cat 6) வகை கேபிள் மாற்றிப் பாருங்கள். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் நடுவே ஓடும் குட்டி கேபிளையும் மாற்றுங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

அப்படியும் 100 என்றால் போர்ட்டே (கேபிள் செருகும் துளை) 10/100 வகை, அதாவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாதது. அட்டைப்பெட்டியில் ஏசி1200 (AC1200, வைஃபை வேகத்தைக் குறிப்பது) என்று பெரிதாகப் போட்ட ரூட்டர்களிலும் இது உண்டு. வாங்கும்போது வான் (WAN, நெட் உள்ளே வரும் போர்ட்), லேன் (LAN, லேப்டாப் போன்றவற்றை இணைக்கும் போர்ட்) இரண்டும் ஜிகாபிட்தானா என்று கேளுங்கள். லேப்டாப் போர்ட்டும் 10/100-ஆக இருக்கலாம், வேறொன்றில் சோதியுங்கள்.

வைஃபையில் மட்டும் மந்தம் என்றால் போனை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் (5 GHz) வைஃபைக்கு மாற்றுங்கள். சுவர் தாண்டினால் அது வலுவிழக்கும், ரூட்டரை வீட்டின் நடுவே வையுங்கள்.