பழைய கல்லூரி மியூசியத்தின் உயிரின மாதிரிகள்: சீட்டைப் படிப்பதும் பொருளைக் காப்பதும்

நெல்லைச் சீமையின் பழைய கல்லூரி ஒன்றில் விலங்கியல் அல்லது தாவரவியல் துறைக்குள் போனால் பூட்டிய பீரோ ஒன்று கண்ணில் படலாம். புட்டியில் மிதக்கும் பாம்பு, பாடம் செய்த பறவை, தினத்தாளில் பொதிந்த செடி, தூத்துக்குடிச் சங்கு எல்லாம் அதற்குள் இருக்கும். அதைச் சீர்செய்யும் பொறுப்பு கைக்கு வந்ததும் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கிவிடாதீர்கள். தூசியோடு சேர்ந்து, பொருளின் விவரம் எழுதிய, கழன்று கிடக்கும் சீட்டும் போய்விடும். எந்தப் பொருளுக்கு எந்தச் சீட்டு என்ற தொடர்பு ஒரு முறை அறுந்தால் மீண்டும் சேர்க்க வழியில்லை. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தெரியாத செடி வெறும் சருகுதான்.

தொடுவதற்கு முன்

பழைய பறவைத் தோல்களிலும் பாடம் செய்த விலங்குகளிலும் ஆர்செனிக் தடவியிருப்பார்கள். செடித்தாள்களில் பூச்சி வராமலிருக்க மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பைப் பூசியிருப்பார்கள். சோதித்து இல்லை என்று உறுதியாகும்வரை எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறகின் அடியிலும் கண்குழியிலும் வெள்ளைப் பொடி தெரிந்தாலோ, தாளில் செடியைச் சுற்றிச் சாம்பல் கறுப்பாகக் கறை படிந்திருந்தாலோ சந்தேகம் வலுக்கும். நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், வேலைக்கென்று தனிச் சட்டை வேண்டும். அந்த அறையில் டீயும் வேண்டாம், வடையும் வேண்டாம். பீரோவைத் திறந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். பாதரச ஆவி மூடிய பெட்டிக்குள்தான் தேங்கும். சூடு பட்டால் ஆவி கூடும் என்பதால் செடித்தாள்களை வெயிலில் காயப்போடக் கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ரசாயன அலமாரியில் 'பிக்ரிக் ஆசிட்' என்று எழுதிய புட்டி வறண்டு படிகமாகிக் கிடந்தால் மூடியைத் தொடாதீர்கள். உராய்வுக்கே வெடிக்கக்கூடியது. அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

பதிவு

எதையும் நகர்த்தாமல் ஒவ்வொரு தட்டையும் அப்படியே படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளையும் அளவுகோல் வைத்து, சீட்டின் இரு பக்கமும் தெரியப் படமெடுத்து எண் கொடுங்கள். பழைய எண் இருந்தால் அதை அழிக்காமல் புதியதை அருகில் எழுதுங்கள். பதிவேட்டில் இரண்டு பத்திகள் தேவை: சீட்டில் எழுத்துப் பிழையோடு இருப்பது அப்படியே ஒன்றில், அதற்கு நீங்கள் கொள்ளும் பொருள் மற்றொன்றில். இரண்டையும் கலந்தால் அடுத்து வருபவருக்கு எது ஆதாரம், எது ஊகம் என்று தெரியாது. செடியைப் பொதிந்த தினத்தாளையும் எறியாதீர்கள். முதலில் பொதிந்த தாளே அதுதான் என்றால், அதன் தேதிக்கு முன்னால் அந்தச் செடி அதற்குள் போயிருக்க முடியாது.

சீட்டைப் படிப்பது

இந்த வேலையில் சுவையும் ஆபத்தும் மிகுந்த இடம் இதுதான். 'டின்னவெல்லி', 'பாலம்கோட்டா', 'கோர்ட்டாலம்', 'டூட்டிகோரின்' ஆகியவை முறையே திருநெல்வேலி, பாளையங்கோட்டை, குற்றாலம், தூத்துக்குடி என்று நமக்கு உடனே தெரியும். எல்லைகள்தான் ஏமாற்றும். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல், தென்காசி 2019இல். ஆகவே 1986க்கு முந்தைய சீட்டில் 'டின்னவெல்லி மாவட்டம்' என்று இருந்தால் அது கடற்கரைத் தேரியாகவும் (செம்மணல் மேடு) இருக்கலாம், குற்றாலத்து மலையாகவும் இருக்கலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. 'செங்கோட்டை, டிராவன்கூர்' என்ற சீட்டைப் பார்த்துக் கேரளத்துப் பெட்டியில் போட்டால் நம் மண்ணின் பதிவு ஒன்று தொலையும்.

ஓர் எடுத்துக்காட்டு. சீட்டில் 'பாபநாசம், 2500 அடி' என்றும், தேதியில் 4க்கும் 13க்கும் நடுவே ரோமன் எண்ணில் ஏழு என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோமன் எண் மாதத்தைக் குறிக்கும். எனவே ஜூலை 4. தஞ்சாவூர் மாவட்டத்திலும் ஒரு பாபநாசம் உண்டு. ஆனால் காவிரிச் சமவெளியில் 2500 அடிக்கு எங்கே போவது? 762 மீட்டர் உயரம் என்றால் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பாபநாசத்துக்கு மேலே உள்ள காடுதான். ஊரின் பெயர் அடிவாரத்துக்கு, செடி நின்ற இடம் மலைமேல். வரைபடத்தில் ஊரின் மேல் புள்ளி வைத்துவிடாமல், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். '13' என்பது 1913தானா என்பதைத் தாள், மை, சேகரித்தவர் ஆகியவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

சிங்கம்பட்டியும் அப்படித்தான். அது அடிவாரக் கிராமமாகவும் இருக்கலாம், ஜமீனின் மலைக்காடாகவும் இருக்கலாம். அந்த ஜமீனின் மாஞ்சோலைக் காடு தோட்டம் போடக் குத்தகைக்குப் போனது 1929இல். அதற்கு முந்தைய தேதியோடு 'மாஞ்சோலை எஸ்டேட்' என்று வந்தால் தேதியையோ சீட்டையோ சந்தேகப்படுங்கள். சங்குக்கும் சிப்பிக்கும் 'தூத்துக்குடி' என்று எழுதியிருந்தால், அது கரையில் விலைக்கு வாங்கிய இடமாக இருக்கலாம். மூழ்கி எடுத்த இடம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சேகரித்தவரை அறியக் கையெழுத்துதான் துணை. குற்றாலத்தில் 19ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் செடி சேகரித்திருக்கிறார். சென்னை மாகாண வனத்துறையின் ரிச்சர்ட் ஹென்றி பெடோம் நெல்லை மலைகளில் பாம்பு, பல்லி, நத்தை, பெரணி என்று பலவற்றைச் சேகரித்தவர். கோயம்புத்தூரிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத் (உலர்செடிச் சேகரிப்பு நிலையம்) தாள்களோடும், லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் இணையத்தில் வைத்துள்ள படங்களோடும் கையெழுத்தை ஒப்பிடுங்கள். முதன்முதலில் ஓர் இனத்தை விவரித்த கட்டுரையில் உள்ள அதே இடம், அதே தேதி, அதே ஆள் உங்கள் சீட்டிலும் இருந்தால் அது அந்தப் பெயருக்கே ஆதாரமான மாதிரியாக இருக்கக்கூடும். அதைத் தனியே வைத்து, அந்த இனத்தை நன்கு அறிந்தவர் பார்க்கும்வரை சுத்தம்கூடச் செய்யாதீர்கள்.

பூச்சி

பாச்சை உருண்டை வேண்டாம். அந்துப்பூச்சியை ஓரளவு விரட்டும், அவ்வளவுதான். அதன் ஆவி மாதிரியின் மேலேயே படிகமாக உறையும், வேலை செய்பவருக்கும் கேடு. மரத்தூள் போன்ற துகளும் ஊசித்துளையும் தெரிந்தால் சிகரெட் வண்டு. தாளின் மேற்பரப்பைச் சுரண்டியிருந்தால் இராமபாணப்பூச்சி.

மருந்தைவிட டீப் ஃப்ரீசர் நல்லது. செடித்தாள்களை அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, தடித்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி மூடுங்கள். மைனஸ் 20 டிகிரியில் 14 நாள் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போய் வெப்பம் ஏறினால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் அறையின் ஈரம் குளிர்ந்த செடியின் மேல் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். திரவப் புட்டியையும் பல், தந்தம் போன்றவற்றையும் உறைய வைக்கக் கூடாது.

செடித்தாள்

செல்லோடேப்பும் மரவேலைக்குரிய வெள்ளைப் பசையும் கூடாது. இரண்டையும் பிறகு எடுக்க முடியாது. 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 4 கிராம் மெத்தில் செல்லுலோஸ் கரைத்தால் போதிய பிடிப்புள்ள பசை கிடைக்கும். தேவைப்பட்டால் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம். தடித்த தண்டை நூலால் தைத்துக் கட்டுங்கள். உதிர்ந்த பூவையும் விதையையும் காகித உறையில் இட்டு அதே தாளில் ஒட்டுங்கள்.

புட்டிகள்

மட்டம் இறங்கிய புட்டியில் கையில் கிடைத்ததை ஊற்றி நிரப்புவதுதான் பெரிய கேடு. ஃபார்மலினா ஆல்கஹாலா என்று முதலில் தெரிய வேண்டும். ஒன்றில் மற்றதை ஊற்றக் கூடாது. ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் மிச்சமிருப்பது நீர்த்துப்போயிருக்கும். அதில் 70% ஆல்கஹாலை ஊற்றினாலும் மொத்தம் 70% ஆகாது. எனவே ஆல்கஹாலின் செறிவைக் காட்டும் மிதவைக் கருவியான ஆல்கஹால்மானி போட்டு அளந்த பிறகே நிரப்புங்கள். அந்தக் கருவி பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிட்டது. நம் சித்திரை வெயிலில் 35 டிகிரி அறையில் அளந்தால் உண்மையைவிட 4, 5 புள்ளி கூடுதலாகக் காட்டும்.

95% ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டில் 700 மில்லி எடுத்து, மொத்தம் 950 மில்லி வரும்வரை காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 70% கிடைக்கும். ஸ்பிரிட் வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவையுங்கள். பெயிண்ட் கடை ஸ்பிரிட்டில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். நீர் சேர்த்ததும் பால்போல் கலங்குவதும் உண்டு.

பழைய ஃபார்மலின் புளித்து அமிலமாகும். மீன், பாம்பின் எலும்பைக் கரைத்துவிடும். அமிலத்தைக் காட்டும் பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். ஆல்கஹாலுக்கு மாற்றுவதென்றால் ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, 30%, 50%, 70% என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் வையுங்கள். நேரே 70%இல் போட்டால் உடல் சுருங்கும். உள்ளே போடும் புதுச் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். லேசர் பிரிண்டரின் எழுத்து நாளடைவில் ஆல்கஹாலில் கழன்று மிதக்கும். பழைய சீட்டு உள்ளேயே இருக்கட்டும்.

சங்கும் சிப்பியும்

சங்கின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, இழுப்பறையைத் திறந்ததும் காடி வாடை அடித்தால், அது பூஞ்சணம் அல்ல. மரமும் பிளைவுட்டும் விடும் அமில ஆவி சுண்ணாம்பைத் தின்கிறது. நல்ல நீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, இரும்பு பீரோவுக்கு மாற்றுங்கள். அடியில் அமிலமில்லாத தாளை விரியுங்கள். பஞ்சும் சாதாரண அட்டையும் வேண்டாம். அதே மர இழுப்பறையில் திருப்பி வைத்தால் மறுபடி பூக்கும்.

அறை

ஈரப்பதம் 45இலிருந்து 55%க்குள் இருந்தால் நல்லது; 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் வரும். வெக்கைக்குத் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இந்த அறையில் ஓடவே கூடாது. தென்காசிப் பக்கம் என்றால் சாரல் மாதங்களில் ஜன்னலை மூடி, பீரோவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் வையுங்கள். மற்ற ஊர்களில் ஆடிக் காற்றின் புழுதிதான் எதிரி. கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் அட்டவணையில் உள்ள வரையாடு, சோலைமந்தி போன்றவற்றின் தோலோ கொம்போ இருந்தால், வேலையைத் தொடங்கும்போதே வனத்துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி வெள்ளம் கரையோர ஊர்களுக்குள் வந்தது. தரைத்தளத்து அறை என்றால் கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், சீட்டும் செடித்தாளும் மேல்தட்டுக்குப் போகட்டும். பதிவேட்டின் நகலும் படங்களும் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.