சாரலில் இறுகிய கதவு
செங்கோட்டையில் கதவு விற்கிறேன். சித்திரையில் கொடுத்த வேங்கைக் கதவு ஒன்று, ஆனிச் சாரலில் நிலையோடு இறுகிக்கொண்டது. தச்சர் பூட்டுப் பக்கம் இழைத்தார். நான்கே நாளில் மறுபடி பிடித்தது. கீலை மாற்றினோம், பயனில்லை. "பச்சை மரத்தைக் கொடுத்துட்டீங்க" என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி. ஈரமானியை வைத்தேன்: நடுவில் 12 சதவீதம், அடியில் 20. பச்சை மரமென்றால் நடுவும் ஈரமாக இருந்திருக்கும்.

கழற்றிப் படுக்க வைத்தபோதுதான் தெரிந்தது. அடிவிளிம்பு விரலுக்குச் சொரசொரவென்று இருந்தது, வார்னிஷே படவில்லை. கதவின் நெடுக்குச் சட்டத்தின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏற்றிய நுண்குழல்கள் வாய்திறந்து நிற்கிற இடம். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஏறும். மேல்விளிம்பும் அப்படியே.

நிழலில் பத்து நாள் உலர்த்தி, இரண்டு விளிம்பிலும் மரத்துளையை அடைக்கும் சீலர் இரண்டு கை பூசி, அப்புறம் வார்னிஷ். ஐப்பசி மழையும் போய்விட்டது; கதவு ஒரு விரலால் தள்ளினாலே திறக்கிறது. அப்பாடா! இப்போதெல்லாம் கதவைச் சாய்த்து, அடிவிளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்லித்தான் விற்கிறேன்.